பீஜிக்குக் காசை எப்படிக் கொண்டுபோவது?

வெள்ளவத்தைவாசி: அடுத்த மாதம் அம்மாவோடு பீஜி போகிறேன். கொழும்பிலேயே பீஜி டொலர் மாற்ற வேண்டுமா? சந்தையில் கார்ட் எடுப்பார்களா?

கடலோடி: இங்கே பீஜி டொலர் தேடி அலையாதீர்கள் தங்கச்சி. அவுஸ்திரேலிய டொலரோ அமெரிக்க டொலரோ கொண்டுபோய், நாடி விமான நிலையத்தில் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை டவுனுக்குள் நாலு இடம் விசாரித்து மாற்றுங்கள். ஹோட்டல், சுப்பர்மார்க்கெட்டில் கார்ட் போதும், தலைநகர் சுவாவின் சந்தையில் கையில் காசு வேண்டும். மரவள்ளி, தக்காளி எல்லாம் கூறு கூறாக வைத்து, விலையை மட்டையில் எழுதியிருப்பார்கள். புறக்கோட்டையில் மாதிரி அந்தப் பெண்களிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள், பாவம்.

மலர்: கைவினைக் கடையில் விலை குறைத்துக் கேட்கலாம். ஆனால் தபுவா என்கிற திமிங்கிலப் பல், ஆமை ஓடு இரண்டையும் தொடவே வேண்டாம், அனுமதியில்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடை பூட்டு.

வெள்ளவத்தைவாசி: சரி அக்கா. 7 டொலர் நோட்டு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

கடலோடி: உண்மைதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆடும் ரக்பியில் பீஜி தங்கம் வென்றதற்காக 2017இல் வெளியிட்டது. கிடைத்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நோட்டுகளை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள்.