கட்சி சேராதவனுக்குப் பாதி ஓட்டுதானா?

ஹாரிஸ்பர்க் ஆள்:
2021 மே மாதம். குடியுரிமை வாங்கியபின் எனக்கு வந்த முதல் பிரைமரி, அதாவது நவம்பர் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று கட்சிகள் முடிவு செய்யும் முன்தேர்தல். வாக்காளர் பதிவில் கட்சி எதுவும் இல்லை என்று போட்டிருந்தேன். எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில்தான் வாக்குச்சாவடி. மேசையில் இருந்த பாட்டி என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதுதான்" என்று ஒரு சீட்டை நீட்டினார். அதில் வேட்பாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. நான்கு கேள்விகள் மட்டும். ஆளுநரின் அவசரநிலைப் பிரகடனம் 21 நாளில் காலாவதியாகலாமா என்பது அதில் ஒன்று. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த என் கருத்து வேண்டுமாம். நீதிபதிக்கு யார் நிற்பது என்பதற்கு வேண்டாமாம்.

எங்கள் பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்தவர்தான் பிரைமரியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைப் போல் கட்சி சேராதவர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். பெரும்பாலான தொகுதிகளில் பிரைமரியில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். அவர் பயப்படுவதெல்லாம் பிரைமரிக்குத் தவறாமல் வரும் கட்சி விசுவாசிகளுக்கு மட்டும்தான்.

அதன் விளைவுக்கு 2024 பிப்ரவரியின் மெக்சிகோ எல்லை மசோதாவைப் பாருங்கள். குடியரசுக் கட்சி லாங்ஃபோர்டு, ஜனநாயகக் கட்சி மர்ஃபி, சுயேச்சை சினிமா (ஆமாம், பெயரே அதுதான்) மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. ட்ரம்ப் வேண்டாம் என்றார். 60 ஓட்டு வேண்டிய மேலவையில், அதாவது செனட்டில், 49 கிடைத்தது. எச்1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் 21 வயதைத் தாண்டினாலும் கிரீன் கார்டு வரிசையில் இடம் இழக்காமல் இருக்க அந்த மசோதாவில் வழி இருந்தது. என் தம்பி மகளுக்கு அந்த வருடம்தான் 21. நான்கு வயதில் இங்கே வந்தவள், இன்று மாணவர் விசாவில் வெளிநாட்டுக்காரியாகப் படிக்கிறாள்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
தம்பி, பிள்ளைக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லணும். 2023 மே மாதமே கீழவை ஒரு கடுமையான எல்லை மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. செனட் அதை எடுக்கவே இல்லை. நீங்கள் புகழும் மசோதாவில், எல்லையில் பிடிபடுபவர்களின் ஒரு வாரச் சராசரி நாளொன்றுக்கு 5,000 பேரைத் தாண்டினால்தான் கதவைக் கட்டாயம் மூடணும். டெக்சாஸில் இருப்பவனுக்கு அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? 2023 டிசம்பரில் மட்டும் எல்லையில் பிடிபட்டவர்கள் சுமார் இரண்டரை லட்சம். 2025இல் அது மாதம் பத்தாயிரத்துக்கும் கீழே போனது. புதுச் சட்டம் எதுவும் வந்தா அது நடந்தது?

பிரைமரி பற்றி ஒன்று. மாப்பிள்ளை பார்ப்பது எங்கள் வீட்டு விஷயம். தெருவில் போகிறவர் உள்ளே வந்து "இந்தப் பையன் வேண்டாம்" என்றால் ஒப்புவோமா?

ஹாரிஸ்பர்க் ஆள்:
அண்ணாச்சி, கல்யாணச் செலவு முழுக்க உங்களுடையது என்றால் நான் வாசலோடு நிற்பேன். பிரைமரி நடத்துவது என் வரிப்பணத்திலும்தானே? செலவுக்கு நான் வேண்டும், பந்திக்கு வேண்டாமா?

எல்லை அடங்கியது உண்மை. ஆனால் அது ஜனாதிபதியின் கையெழுத்தில் அடங்கியது. ட்ரம்ப் போட்ட உத்தரவுகளைப் பைடன் பதவியேற்ற அன்றே அழிக்க ஆரம்பித்தார். 2025 ஜனவரி 20 அன்று அதே நாடகம், ஆள் மட்டும் வேறு. இன்னொருவர் வந்தால் மறுபடி அழிப்பார். இரண்டு கட்சியும் கூடிப் போட்ட சட்டம் என்றால் அப்படி அழிப்பது சுலபமில்லை. இப்படி இருந்தால் எந்தக் குடும்பம் எதை நம்பித் திட்டம் போடும்?

விரிகுடா வாசி:
சார், உங்கள் வாதத்தில் அடிப்படையே ஓட்டை. இரண்டு கட்சியும் சேர்ந்து போட்டால் நிலைக்கும், தனியாகப் போட்டால் நிலைக்காது என்பதுதானே நீங்கள் சொல்வது? ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஒபாமாகேரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. இன்றும் இருக்கிறது. "ஒருவரும் பின்தங்கக் கூடாது" என்ற 2001 பள்ளிக் கல்விச் சட்டம் செனட்டில் 87க்கு 10, அப்படி ஒரு ஒற்றுமை! ஆசிரியர்கள் பரீட்சை, பரீட்சை என்று ஓடி ஓய்ந்தபின் 2015இல் அதைத் தூக்கிவிட்டு வேறு சட்டம் போட்டார்கள். எல்லோரும் கைகோத்துத் தப்புச் செய்வதும் உண்டு, சார்.

இன்னொன்று. ஒரு கட்சி தன் திசையில் வேகமாக ஓடும்போது இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பவரும் கூடவே நகர்கிறார். 2009 முதல் நின்ற இடத்திலேயே நிற்பவரா நீங்கள்?

ஹாரிஸ்பர்க் ஆள்:
2009இல் நான் ஹைதராபாத்தில் இருந்தேன், அதை விடுங்கள்.

கேள்வி நியாயமானது. ஒபாமாகேர் இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது? 2017இல் அதை வெட்டும் மசோதாவுக்குக் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்டி எதிர்த்து ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் அதில் ஒரு பெரிய துண்டு போயிருக்கும். அதே வருட வரிச் சட்டத்தில், காப்பீடு எடுக்காதவருக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். 2021இல் ஜனநாயகக் கட்சி ஓட்டில் மட்டும் வந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு காலாவதியானது. அதற்காக 43 நாள் ஷட்டவுன் (அரசு முடக்கம்), சம்பளம் வராத அரசு ஊழியர்கள், கடைசியில் மானியமும் நீளவில்லை.

பள்ளிச் சட்டம் சறுக்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மாற்றியதும் இரண்டு கட்சியும் சேர்ந்துதானே? 85க்கு 12. தப்பு என்று தெரிந்ததும் கூடி உட்கார்ந்து திருத்தினார்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அபிப்பிராயத்தில் நான் நட்ட நடு ஆள் கிடையாது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் விரிகுடா வாசி பக்கம், அரசின் கடனைக் குறைக்கும் விஷயத்தில் அண்ணாச்சி பக்கம்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
கடன் விஷயத்தில் எங்கள் பக்கத்திலேயே இப்போது ஆள் குறைவு, தம்பி. 😄 வெளியே சொல்லாதீர்கள்.

சும்மா வந்தவன்:
கொலராடோ, ஐடஹோ, நெவாடா மூன்றிலும் 2024இல் பிரைமரியை எல்லோருக்கும் திறக்கலாமா என்று மக்களையே கேட்டார்கள். மூன்றிலும் "வேண்டாம்" என்றார்கள். பாவம் நடுநிலை.

ஹாரிஸ்பர்க் ஆள்:
அந்த மூன்றிலும் திறந்த பிரைமரியோடு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று ஓட்டுப் போடும் முறையையும் சேர்த்துக் கட்டினார்கள். இட்லி கேட்டவனுக்கு இட்லியோடு பாகற்காயும் சேர்த்துத்தான் தருவேன் என்றால் இலையையே மடிப்பான். அலாஸ்காவில் ஏற்கெனவே இருந்த அதே ஏற்பாட்டை நீக்கும் தீர்மானம் அதே நாளில் தோற்றது. ஆனால் ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம்தான். பெருமை பேச முடியாது.

விரிகுடா வாசி:
சரி, கூடி உட்கார்ந்து செய்தது, நிலைத்தது என்று உள்நாட்டு விஷயத்தில் ஒன்று காட்டுங்கள்.

ஹாரிஸ்பர்க் ஆள்:
1983, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டம். குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகனும் ஜனநாயகக் கட்சியின் கீழவை சபாநாயகர் டிப் ஓ'நீலும். முழு ஓய்வூதிய வயதை 65இலிருந்து மெதுவாக 67 ஆக்கினார்கள், வரியையும் ஏற்றினார்கள். இரண்டுமே ஓட்டுக் கேட்கப் போகிறவனுக்கு விஷம். ஆனாலும் இதுவரை எந்தக் கட்சியும் அந்த வயதைத் திருப்பவில்லை.

விரிகுடா வாசி:
அப்போது நிதி சில மாதத்தில் தீர்ந்துபோகும் நிலை. கத்தி கழுத்துக்கு வந்ததால் கூடினார்கள். உங்கள் நடுநிலைக்கு நெருக்கடிதான் உரம்.

ஹாரிஸ்பர்க் ஆள்:
அடுத்த கத்தி 2030களின் தொடக்கத்தில் வருகிறது. அப்போது செனட்டில் யார் இருப்பார்கள் என்பதை இனி வரும் பிரைமரிகள்தான் முடிவு செய்யும். எனக்கு அங்கே வேலை இல்லை.

ஆஸ்டின் அண்ணாச்சி:
இதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்? ஏதாவது ஒரு கட்சியில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை மாற்றலாமே. முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள்.

ஹாரிஸ்பர்க் ஆள்:
என் மனைவி அதைத்தான் செய்கிறாள். ஒரு தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் யானை, அடுத்ததற்கு ஜனநாயகக் கட்சியின் கழுதை. இப்போது இரண்டு கட்சியும் நிதி கேட்டு வாரம் தவறாமல் கடிதம் அனுப்புகின்றன. நேற்று வந்த இரண்டு உறைகளிலும் ஒரே வரி, "இதுவே கடைசி வாய்ப்பு". பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மளிகை லிஸ்ட் எழுதிக்கொள்கிறோம்.