லட்வியா முகாமுக்குப் போன புழுக்கொடியல்

கொக்குவிலிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

என் தங்கையின் மகன், எனக்குப் பெறாமகன், கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு முடிந்த கையோடு கனடியத் தரைப்படையில் சேர்ந்தான். 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவனை ஆறு மாதக் கடமைக்காக லட்வியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே 2017 முதல் நேட்டோவின் பன்னாட்டுப் போர்க்குழு ஒன்றைக் கனடா தலைமையேற்று நடத்தி வருகிறது. ரீகா நகருக்கு அண்மையில் ஆதாஜி என்னும் இடத்தில் முகாம் இருக்கிறது. இத்தாலி, ஸ்பெயின், போலந்து, ஸ்லோவேனியா என்று பல நாட்டுப் படையினர் அதில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள்.

இந்தச் செய்தியை அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. "ஆமியிலயோ?" என்று ஒரு சொல் கேட்டார், பிறகு பேசவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் முழுவதும் வெளியேறிய அந்த இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களில் அம்மாவும் ஒருவர். அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவர். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். தன் பேரன் அப்படியொரு சப்பாத்தை அணிந்திருக்கிறான் என்பதை அவர் மனம் ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில், வேறெதுவும் சொல்லாமல், "எள்ளு ரெண்டு கொத்து வாங்கிக்கொண்டு வா பிள்ளை" என்றார்.

என்ன அனுப்புவது என்பதில் எனக்கும் அவருக்கும் இடையே பெரிய விவாதமே நடந்தது. பயற்றம் பணியாரம் அனுப்ப வேண்டும் என்று அம்மா நின்றார். தேங்காய் சேர்ந்து எண்ணெயில் பொரித்த பண்டம் ஒரு மாதத்துக்கு மேல் பயணம் செய்தால் சிக்கு மணம் வந்துவிடும் என்று நான் மறுத்தேன். பால் ரொபியையும் நெய்யையும் தங்கை தொலைபேசியிலேயே தடுத்துவிட்டாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியார் அனுப்பும் பொதிகளில் இறைச்சியும் பால் சார்ந்த உணவும் அனுமதிக்கப்படுவதில்லை. கடைசியில் எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, பனங்கிழங்கை அவித்துப் பிளந்து காய வைத்த புழுக்கொடியல் ஆகியவை நின்றன. பனங்கட்டியை அது இருக்கும் சிறிய ஓலைப் பெட்டியான குட்டானோடு அனுப்பத்தான் ஆசை. பச்சைத் தாவரப் பொருள் என்று எங்காவது மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் குட்டானைக் கழற்றிவிட்டுத் தாளில் சுற்றினோம். மிளகாய்த்தூளை மூன்று பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டிய பிறகும் பெட்டி மணத்தது.

முகாமுக்கு இங்கிருந்து நேரே அனுப்ப முடியாது. கனடியப் படையினருக்கு வெளிநாட்டில் தனித் தபால் இலக்கம் உண்டு. பொதியை ஒன்ராறியோவிலுள்ள பெல்வில் என்ற ஊருக்கு அந்த இலக்கத்தோடு அனுப்பினால், அங்கிருந்து படையின் தபால் பிரிவு எடுத்துச் செல்லும். எனவே நாங்கள் ஸ்காபரோவுக்கு அனுப்பினோம். தங்கை பிரித்து, கம்பளிக் காலுறைகளையும் சேர்த்து, மீண்டும் கட்டி அனுப்பினாள். களத்தில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தார் எழுதும் கடிதங்களைக் கனடாத் தபால் சேவை ஆண்டு முழுவதும் கட்டணமின்றி ஏற்கிறது; கிறிஸ்துமஸ் பண்டிகையான நத்தாரை ஒட்டிய மாதங்களில் பொதிகளையும் அப்படியே ஏற்கிறது. அந்த மாதங்களைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே அம்மா இரவிரவாக உருண்டை பிடித்தார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன், வேறொருவரும் அதைச் செய்யக்கூடாது என்பதற்காக. சந்நிதி முருகனின் திருநீற்றை ஒரு சிறிய பொலித்தீன் பையில் போட்டு, பெயர் எதுவும் எழுதாமல், காலுறைக்குள் செருகச் சொல்லித் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். சுங்கப் படிவத்தில் அதைக் குறிப்பிடவில்லை. படைமுகாமொன்றுக்குச் செல்லும் பொதியில் பெயரில்லாத வெள்ளைத் தூள் இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பது என் சிந்தையில் எழவே இல்லை. வழியில் பொதியைப் பிரித்துப் பரிசோதித்தார்கள். பிள்ளையை அழைத்து விசாரித்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தாலும், புத்தாண்டுக்கு முன் சேர வேண்டிய பொதி தைப்பொங்கலும் கழிந்த பிறகே அவன் கைக்கு வந்தது. உருண்டைகள் கல்லாகிவிட்டிருந்தன, வடை நொறுங்கிப்போயிருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலதிகாரியின் முன் நின்று தன் பெரியம்மாவின் நம்பிக்கையை அவன் விளக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு கையில் கட்டும் கோயில் நூல் மட்டுமே அனுப்பினேன். அதையும் படிவத்தில் எழுதினேன்.

எல்லாவற்றிலும் உயிரோடு போய்ச் சேர்ந்தது புழுக்கொடியல்தான். கெடாது, உருகாது, உடைந்தாலும் பழுதில்லை. பனியில் காவல் நிற்கும்போது சட்டைப் பையில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருப்பேன் என்று எழுதினான். ஸ்லோவேனிய நண்பன் ஒருவன் முதலில் அதை விறகென்று எண்ணியதாகவும், பிறகு அவனே மேலும் இரண்டு துண்டு கேட்டு வந்ததாகவும் அதே கடிதத்தில் இருந்தது. கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறை, "அவனோட நிக்கிற பெடியளுக்கும் சேர்த்துப் போடு" என்றார்.

பருத்தித்துறையிலிருந்து, ஓய்வுபெற்ற உபதபாலதிபர்:

அக்கா திருநீற்றைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என் நெஞ்சு பதறியது. முப்பது ஆண்டுகள் தபாற்கந்தோரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுங்கப் படிவத்தில் "உணவுப்பொருள்" என்று ஒரே சொல்லில் எழுதுவதுதான் பொதிகளுக்குப் பெரிய எதிரி. எள்ளும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு, இத்தனை கிராம். மிளகாயும் மல்லியும் சேர்ந்த தூள், இத்தனை கிராம் என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதுங்கள்.

என் சகோதரியின் மகன், எனக்கு மருமகன், பிரித்தானியத் தரைப்படையில் இருந்தவன். 2011 இல் அவனுடைய பிரிவு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருந்தது. அப்போது அங்கிருந்த படையினருக்கு 2 கிலோவுக்கு மேற்படாத பொதிகளைக் குடும்பத்தார் இங்கிலாந்திலிருந்து இலவசமாக அனுப்பலாம். ஹரோவில் இருக்கும் என் சகோதரி ஒவ்வொரு பொதியையும் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் குறைத்துக் கட்டுவார். ஒருமுறை, பொதி தவறிவிடக் கூடாதே என்ற கவலையில், படைத் தபால் இலக்கத்தின் கீழே நாட்டின் பெயரையும் எழுதிவிட்டார். அதுவே வினையானது. நாட்டின் பெயரைக் கண்டால் பொதி படைத் தபாலை விட்டுப் பொதுத் தபாலுக்குள் போய்விடும்; ஆகவே சேவை இலக்கம், பதவி, பெயர், பிரிவு, நடவடிக்கையின் பெயர், படைத் தபால் இலக்கம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பொதி கிடைக்கவே இல்லை.

பாலைவனத்து வெயிலில் சொக்கலேற் உருகி மற்றவற்றில் ஒட்டிக்கொண்டது என்றும், மிளகாய்த்தூள் வந்த நாளில் கூடாரத்தில் எல்லாருடைய தகர உணவுக்கும் சுவை வந்தது என்றும் மருமகன் சொன்னான். இது புதிதல்ல. முதலாம் உலகப் போரில், 1914 ஆம் ஆண்டு நத்தாருக்குப் பிரித்தானிய இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து படையினருக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு கொடுத்தபோது, இந்தியப் படையினருக்குக் கற்கண்டும் மசாலாப் பொருட்களும் வைத்தார்கள். பிரான்சின் சேற்றுக் குழிகளில் கிடந்த மனிதனுக்கு எது வேண்டும் என்று யாரோ ஒருவர் சரியாகவே யோசித்திருக்கிறார்.

இன்னொன்று. இரக்கத்தினால் முகம் தெரியாத படையினருக்கெல்லாம் பொதி அனுப்பலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சே அதைத் தவிர்க்குமாறு பொதுமக்களைக் கேட்டது; பொதுப் பொதிகள் குவிந்தால், தாய் அனுப்பிய பொதி பின்னால் நிற்கும்.

சாவகச்சேரியிலிருந்து, ஒரு தாய்:

நீங்கள் இருவரும் எழுதியதை முழுவதும் வாசித்தேன். என் மூத்த மகன் 1996 இல் பேருந்திலிருந்து இறக்கப்பட்டவன்; அவனுக்காக நான் இன்னும் விளக்கு வைக்கிறேன். எந்த நாட்டுச் சீருடையானாலும் அதற்கென்று ஒரு பொதி கட்ட என் கை எழாது. இதை உங்கள் மீதான கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொக்குவில் அக்காவின் தாயார் மூன்று நாட்கள் பேசாமல் இருந்தார் என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் முற்றத்தில் இருந்தேன். அந்தத் தாய் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

போரின்போது எங்கள் பகுதிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பொதியில் சவர்க்காரக் கட்டி ஒன்றும் பற்றரி இரண்டும் இருந்தன. அந்தப் பற்றரிகளை வானொலியில் போட்டுக் கேட்டு, வெயிலில் காய வைத்து, மறுபடியும் போட்டுக் கேட்டோம். சவர்க்காரத்தை நூலால் எட்டாக அறுத்து அயலுக்குக் கொடுத்தேன். தூரத்திலிருந்து ஒரு பெட்டி வருவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் பனங்கிழங்கு அவித்து விற்பவள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆண்டின் கடைசியில் நீங்கள் வாங்கி அனுப்பியது முந்திய பருவத்துப் புழுக்கொடியலாகத்தான் இருந்திருக்கும். பழையதில் வண்டு துளைத்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளை உள்ளதை எடுத்துவிட்டு, மீதியை ஒரு நாள் முழுவதும் நல்ல வெயிலில் காய வைத்த பிறகே கட்டுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். தை பிறந்தபின் அனுப்புவதாக இருந்தால் புதுக் கிழங்கு அவித்துப் பிளந்து காயும்வரை பொறுத்திருங்கள். மாசி வெயிலில் காய்ந்தது அடுத்த ஆண்டுவரை இருக்கும்.