கிட்டாரில் பெண்டடோனிக் ஐந்து பொசிஷனும் தெரியும், ஆனால் 5-வது ஃப்ரெட்டை விட்டு நகர முடியவில்லை. உதவுங்கள்

தாம்வே கிட்டார், ரங்கூன்:

எல்லோருக்கும் வணக்கம். ஏ மைனர் பெண்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலின் ஐந்து பொசிஷன்களையும், அதாவது கழுத்தில் கை வைக்கும் ஐந்து இடங்களையும், மனப்பாடமாக வாசிப்பேன். மெட்ரோனோமில் 100 வைத்தாலும் தடுமாற்றம் இல்லை. ஆனால் சோலோ என்று வந்துவிட்டால் கை தானாக 5-வது ஃப்ரெட்டில் (மெட்டில்) போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே போக நினைத்தால், அடுத்த பொசிஷனை தடித்த 6-வது கம்பியிலிருந்து ஆரம்பித்து ஏறினால்தான் பிடிபடுகிறது. நடுவில் நுழையத் தெரியவில்லை. அதற்குள் பாட்டு இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தாண்டிவிடுகிறது.

பொங்கல் விழாவில் எங்கள் பகுதிப் பையன்களோடு மேடை ஏறுகிறேன். ஒரு பாட்டின் இடையிசையில் 16 பார் (தாளச் சுற்று) சோலோ என்னுடையது. கார்டுகள் ஏ மைனர், எஃப், சி, ஜி, ஒவ்வொன்றும் ஒரு பார், திரும்பத் திரும்ப இதே சுற்று. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் பயிற்சி பெரும்பாலும் அகூஸ்டிக்கில்தான். எனக்குச் சொல்லித்தரும் சயா, வேகத்தைக் கூட்டு, மற்றது தானாக வரும் என்கிறார். வேகம் கூடியும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்தான் நிற்கிறேன். என்ன செய்யலாம்?

மோல்மேன்காரன்:

தம்பி, வேகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஐந்து பொசிஷன்களையும் ஐந்து பெட்டிகளாகத் தனித்தனியாகப் படித்ததால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை விரல் பார்த்ததே இல்லை. குறுக்கே ஏறும் ஒரு வழி சொல்கிறேன், இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6-வது கம்பியில் 3, 5, 8. 5-வது கம்பியில் 5, 7. இந்த ஐந்தும் ஜி, ஏ, சி, டி, ஈ. ஸ்கேலே இவ்வளவுதான், இரண்டு கம்பியில் முடிந்துவிட்டது. விரல் முக்கியம்: 3-ல் ஆள்காட்டி விரல், அதே விரலை எடுக்காமல் 5-க்குச் சறுக்குங்கள், 8-ஐச் சுண்டுவிரல் பிடிக்கட்டும். அடுத்த கம்பியில் 5 ஆள்காட்டி, 7 மோதிர விரல்.

இப்போது இதே விரல், இதே சறுக்கல், 4-வது கம்பியில் 5, 7, 10, 3-வது கம்பியில் 7, 9. மறுபடியும் 2-வது கம்பியில் 8, 10, 13, முதல் கம்பியில் 10, 12. அதே ஐந்து சுரங்கள் மூன்று ஸ்தாயிகளில் வந்துவிட்டன. முதல் தாவலில் இரண்டு ஃப்ரெட் மேலே, அடுத்ததில் மூன்று ஃப்ரெட் மேலே. மூன்றாவது கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் இடையே சுருதி வித்தியாசம் மற்ற ஜோடிகளைவிட அரை சுரம் குறைவு, அதனால்தான் அந்த ஒரு ஃப்ரெட் கூடுதல்.

3-வது ஃப்ரெட்டில் கிளம்பி 13-வது ஃப்ரெட் வரை வந்துவிட்டீர்கள், புதிதாக ஒரு பெட்டியும் படிக்கவில்லை. ஏறுவது போலவே இறங்கியும் வாசியுங்கள். இறங்கும்போதுதான் சறுக்கல் பிசகும்.

கமாயுட் அக்கா:

மேலே சொன்ன வழி நல்ல வழி. ஆனால் தம்பி, விரலுக்கு வழி தெரிந்தாலும் காதுக்குத் தெரியாவிட்டால் அதுவும் ஆறாவது பெட்டியாகிவிடும். நான் வீணை பழகிவிட்டுக் கிட்டாருக்கு வந்தவள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ராகத்தைப் பெரும்பாலும் ஒரே தந்தியில் நீளவாக்கில்தான் வாசிக்கிறோம். கிட்டாரிலும் அப்படிச் செய்து பாருங்கள். முதல் கம்பியில் மட்டும் 0 (எதையும் அழுத்தாமல்), 3, 5, 8, 10, 12. நடுவிலே 5-வது கம்பியைத் திறந்தபடி மீட்டி ஒலிக்க விடுங்கள். அது ஏ, உங்கள் ச. கரண்டும் வேண்டாம், பேக்கிங் ட்ராக்கும் வேண்டாம், சுருதிப்பெட்டி அதுவே. அந்தச் சுருதிமேல் வருவது ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசி. வாசிக்கும் ஒவ்வொரு சுரத்தையும் வாயால் பாடுங்கள். பாட முடியாததை வாசிக்காதீர்கள்.

இனி இதைக் கவனியுங்கள். அதே ஐந்து சுரங்களில் சி-யை ச ஆக வைத்தால் ச ரி க ப த, மோகனம். டி-யை வைத்தால் மத்யமாவதி, ஈ-யை வைத்தால் ஹிந்தோளம், ஜி-யை வைத்தால் சுத்த சாவேரி. நம் பக்கம் இதற்கு கிரக பேதம் என்று பெயர். நீங்கள் மனப்பாடம் செய்த ஐந்து பொசிஷன்களும் 6-வது கம்பியில் இந்த ஐந்து சுரங்களில் ஒவ்வொன்றிலிருந்து தொடங்குகின்றன, அவ்வளவுதான். ஆகவே எந்தப் பொசிஷனில் நின்றாலும் முதலில் தேட வேண்டியது ச எங்கே என்பது. ஏ சுரத்தின் இடங்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகுங்கள்: 6-வது கம்பி 5, 4-வது கம்பி 7, 3-வது கம்பி 2, 2-வது கம்பி 10, முதல் கம்பி 5. இவை கைக்கு வந்துவிட்டால் நடுவில் நுழைவது பற்றிய பயமே இருக்காது.

மாந்தளை வாசகர்:

அக்கா சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. நம் ஊர் சாங் கௌக், அந்த வளைந்த பர்மிய யாழ், 16 நரம்பு கொண்டது. அதையும் ஐந்து சுர முறையில்தான் சுருதி சேர்க்கிறார்கள். இங்கே ஸ்லைடு கிட்டார் வாசிப்பவர்கள் பர்மியப் பாட்டுகளைக் கம்பியின் நீளத்தில் இழுத்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு வரி பிடித்தாலே பெட்டிக்கு வெளியே கை போய்விடும். பி.பி. கிங்கையும் கேளுங்கள். 2-வது கம்பியில் ச-வை ஆள்காட்டி விரலுக்கு வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள நாலைந்து சுரங்களிலேயே மனதை உருக்குவார். கழுத்து முழுக்க ஓட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

தாம்வே கிட்டார்:

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. ஒரே கம்பியில் பாடிக்கொண்டே வாசித்தேன். சுத்த தன்யாசி என்று தெரிந்ததும் அம்மா வீட்டில் முணுமுணுக்கும் பாட்டுகளையே தேட ஆரம்பித்துவிட்டேன். குறுக்கு வழியும் ஏறும்போது வருகிறது. ஆனால் நண்பன் கார்டு வாசிக்கும்போது, எஃப் வந்த இடத்திலும் ஜி வந்த இடத்திலும் நான் நிற்கும் சுரம் ஒட்டாமல் தொங்குகிறது. அப்புறம், 3-வது கம்பி 7-ல் பெண்ட் செய்தால், அதாவது கம்பியை வளைத்துச் சுருதியைக் கூட்டினால், அகூஸ்டிக்கில் ஈ வரை எட்டவே மாட்டேன் என்கிறது.

மோல்மேன்காரன்:

ஒட்டாததற்குக் காரணம் உண்டு. எஃப் கார்டு எஃப், ஏ, சி. அதில் எஃப் உங்கள் ஸ்கேலில் இல்லை. ஜி கார்டு ஜி, பி, டி. அதில் பி இல்லை. ஆகவே எஃப் வரும்போது ஏ-யிலோ சி-யிலோ இறங்குங்கள், ஜி வரும்போது ஜி-யிலோ டி-யிலோ. ஏ மைனருக்கு ஏ, சி, ஈ மூன்றும், சி கார்டுக்கு சி, ஈ, ஜி மூன்றும் உங்களிடமே இருக்கின்றன.

முதல் கம்பியிலேயே செய்து பாருங்கள். ஏ மைனருக்கு 5, எஃப்-க்கு 8, சி-க்கு 12, ஜி-க்கு 10. ஒரு பாருக்கு ஒரே சுரம், வேறு எதுவும் வேண்டாம். நண்பனை மெதுவாக வாசிக்கச் சொல்லி, இந்த நான்கும் பாட்டாகவே கேட்கும்வரை விடாதீர்கள். பிறகு ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் இரண்டு மூன்று சுரங்களைச் சேருங்கள். சோலோ அங்கிருந்துதான் பிறக்கிறது, நான் முழு மனதோடு சொல்கிறேன்.

பெண்ட் விஷயம் உங்கள் விரலின் குறை இல்லை. அகூஸ்டிக் செட்டில் 3-வது கம்பி பெரும்பாலும் மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக் கம்பியாக இருக்கும், அது அவ்வளவு வளையாது. எலக்ட்ரிக்கில் அது வெறும் கம்பி. இப்போதைக்கு 7-லிருந்து 9-க்குச் சறுக்குங்கள், அதே ஈ கிடைக்கும். பெண்ட் பழக வேண்டுமானால் 2-வது கம்பி 8-ல் பழகுங்கள், ஜி-யிலிருந்து ஏ வரை. வளைத்த பிறகு 10-வது ஃப்ரெட்டை அழுத்தி, சுருதி சரியாக எட்டியதா என்று ஒத்துப்பாருங்கள்.

தாம்வே கிட்டார்:

சரி அண்ணே, 5, 8, 12, 10 நண்பனோடு வாசித்துப் பார்த்தேன். எஃப் வந்ததும் 8-ல் போய் நின்றபோது அவனே நிமிர்ந்து பார்த்தான். 16 பாரில் முதல் நான்கு பாருக்கு இந்த நான்கு சுரங்கள் மட்டும், அடுத்த நான்கில் இடையே நிரப்புவது, பிறகு 6-வது கம்பியிலிருந்து குறுக்கே ஏறுவது, கடைசி நான்கில் மேலேயே நின்று முதல் கம்பி 10-ல் டி-யைப் பிடித்து முடிப்பது, அடுத்த ஏ மைனரில் பாடகி சேர்ந்துகொள்வார். இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கமாயுட் அக்கா:

நன்றாக இருக்கிறது தம்பி. குறுக்கே ஏறும் அந்த நான்கு பாரில் மூச்சு விட இடம் வையுங்கள், பாடினால் எங்கே மூச்சு எடுப்பீர்களோ அங்கே கையை நிறுத்துங்கள்.