தரம் 8 கணித வகுப்பு: புள்ளிவாரிக் குழுவா, கலவைக் குழுவா?

முறிகண்டியான்:
எனது தரம் 8 வகுப்பைத் தவணைப் புள்ளிகளின்படி மூன்று குழுக்களாகப் பிரித்து அமர்த்தும்படி கூறப்பட்டுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்ற மாதம் விகிதம் கற்பித்தபோது, 16 லீற்றர் தாங்கிக்கு 40 மில்லிலீற்றர் மருந்து என்றால் 20 லீற்றர் தாங்கிக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒருபோதும் 25 புள்ளியைத் தாண்டாத மாணவன் 50 என்று உடனே சொன்னான். 80 புள்ளி எடுக்கும் மாணவி அப்போதுதான் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனோடு வயலுக்குப் போய் வரும் அவனுக்கு விகிதம் தெரியும், அதை எழுதும் முறைதான் தெரியாது. அவளுக்கோ முறை தெரியும். இவ்விருவரையும் ஏன் வெவ்வேறு மூலைகளில் இருத்த வேண்டும்?

கனகராயன்கரை:
ஐயா, ஒரு நாள் நிகழ்ந்ததை வைத்து ஒரு முறையைத் தீர்மானிக்க முடியாது. கலவைக் குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை செய்ய, மற்ற நால்வரும் பார்த்து எழுதுவதையே நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். மேற்பார்வைக்கு வருபவருக்கு அது அழகான குழுவேலையாகத் தெரியும். பின்னங்களைக் கூட்டத் தெரியாதவனுக்கு அவன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாடம் வேண்டும். அருகில் இருப்பவளின் விடை அவனுக்கு உதவாது.

முறிகண்டியான்:
பார்த்து எழுதும் குறையை நானும் மறுக்கவில்லை. குழுவுக்குப் பொது இலக்கும், ஒவ்வொருவரின் கற்றலுக்கும் தனிக் கணக்கும் இருந்தால்தான் கூட்டுக் கற்றல் பயன் தரும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் றொபேர்ட் ஸ்லாவின் வலியுறுத்தினார். 1971இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்புகளில் சேர்க்கப்பட்டுப் பகை முற்றியிருந்தபோது, உளவியலாளர் எலியட் அரொன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தன்னிடமுள்ள துண்டை ஒருவன் விளக்காவிட்டால் குழுவில் எவருக்கும் பாடம் நிறைவடையாது.

கனகராயன்கரை:
ஒஸ்ரினில் பிள்ளைகள் வகுப்புக்கு வந்திருப்பார்கள். இங்கே கச்சான் பிடுங்கும் வாரத்தில் ஐந்து துண்டுகளில் இரண்டு தோட்டத்தில் நிற்கும். அன்றைய பாடத்தை யார் நிறைவு செய்வது?

கச்சான்தோட்டம்:
நான் ஆசிரியர் அல்ல, தாய். அந்தத் தோட்டத்தில் நிற்கும் துண்டுகளில் ஒன்று எனது மகள். கூலிக்கு ஆள் பிடிக்க வசதியிருந்தால் அவளை மறிப்பேனா? அவள் புள்ளி குறைந்தது விளக்கம் இல்லாமல் அல்ல, வராத நாட்களால். ஆனால் போன வருடம் அவளை இருத்திய மேசையைப் பிள்ளைகள் 'மொக்கு மேசை' என்று அழைத்தார்கள். அதன் பின்னர் வேலையில்லாத நாட்களிலும் பாடசாலைக்குப் போக மறுத்தாள்.

முறிகண்டியான்:
அக்கா சொன்னதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கனகராயன்கரை ஐயாவின் கேள்விக்கு என்னிடமுள்ள விடை எளியது: ஒரு துண்டை இருவரிடம் கொடுக்கிறேன். ஒருவர் வராவிட்டால் மற்றவர் விளக்குவார். வராதவர் திரும்பி வந்ததும் முதலில் இணையாளரிடம் கேட்டுக்கொள்வார். இருவரும் வராத நாளில் அத்துண்டை நானே சொல்கிறேன்.

கனகராயன்கரை:
நிரந்தர மேசைகள் வேண்டாம் என்பதை, தாயார் எழுதியதை வாசித்த பின்னர், ஏற்கிறேன். ஆயினும் 40 நிமிடப் பாடவேளையில் முதற் 15 நிமிடங்களைப் பின்னம் தெரியாதவர்களுக்கென்று தனியாக ஒதுக்குவேன், அதை விடமாட்டேன். அக்குழுவில் யார் இருப்பது என்பதை வாரந்தோறும் மாற்றலாம். அதுசரி, எமது வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே அரைச்சுவர்தான். ஏழு குழுக்கள் ஒரே நேரத்தில் விளக்கத் தொடங்கினால் அந்தப் பக்கத்துத் தமிழாசிரியருக்கு யார் பதில் சொல்வது?