மஞ்சளும் புளியும் புழங்கும் குசினிக்கு எந்தக் கல்?

சுங்கை சிப்புட் மருமகள் (கேள்வி):
வணக்கம். தோட்டத்து வீட்டை விட்டு, சுங்கை சிப்புட் பட்டணத்தில் வாங்கிய பழைய வரிசை வீட்டுக்குக் குடிவரப் போகிறோம். இப்போது குசினி வேலை நடக்கிறது. மேடை 14 அடி நீளம், 2 அடி அகலம். குத்தகையாளர் வெள்ளைக் குவார்ட்ஸ், கறுப்புக் கிரானைட், பளிங்கு போலத் தோன்றும் சாலிட் சர்ஃபேஸ் (பிசின் சேர்த்துச் செய்த செயற்கைப் பலகை) ஆகிய மூன்றின் மாதிரித் துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கணவருக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது. மாமியாரோ, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே மேடையில் வைப்பவர். அம்மியும் மேடை மேல்தான் இருக்க வேண்டும் என்கிறார். பார்வைக்கும் அழகாக இருந்து, நெடுங்காலம் உழைக்கும் கல் எதுவென்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

ஈப்போ பக்கத்து வீட்டுக்காரர்:
அசல் பளிங்கின் பக்கம் மட்டும் மனம் போக வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் என்ற பெருமையில் நான் பளிங்கைப் போட்டேன். குடிவந்த முதல் வாரமே, அறுத்த எலுமிச்சையின் பாதி கவிழ்ந்து கிடந்த இடத்தில் மெருகு போய், ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு மங்கலான வட்டம் விழுந்துவிட்டது. அது கறையன்று, தேய்த்துக் கழுவ. புளிப்புப் பட்டுக் கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டில் புளி கரைக்காத நாள் எது?

கல் அறுக்கும் கை:
தங்கச்சி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடைக் கல் அறுத்துப் பொருத்துகிறேன். உங்கள் மாமியாரின் பழக்கத்தைக் கேட்டதுமே என் பதில் கறுப்புக் கிரானைட்தான். குவார்ட்ஸ் என்று கடையில் விற்பது, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ் தூளும் மீதி பிசினுமாகச் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. கறை ஏறாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் சுமார் 150 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அந்தப் பிசின் நிறம் மாறலாம், தாளிக்கும் எண்ணெயோ அதையும் தாண்டிக் காய்வது. பின்கட்டில் ஒளி புகும் கூரைத் தகடு போட்டிருந்தால், வெயில் பட்டு வெள்ளைக் குவார்ட்ஸ் மஞ்சள் பூக்கும். சாலிட் சர்ஃபேஸில் இணைப்புக் கோடு தெரியாது, கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். சூட்டுக்கு அதுவும் ஆகாது.

கல்லைவிட அதைத் தாங்குவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். 20 மில்லிமீட்டர் கிரானைட் என்றால் உங்கள் மேடை மட்டுமே ஏறத்தாழ 140 கிலோ வரும். அதன்மேல் அம்மி வேறு. மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டு கேபினட் நம் ஈரத்தில் ஊதிப்போய் ஒரு மூலை தாழ்ந்தால், தொட்டிக்காக வெட்டிய ஓட்டையின் முனையில்தான் கல்லில் முதலில் விரிசல் விழும். செங்கல் கட்டி, சிமெண்டுப் பலகை வார்த்து, அதன்மேல் கல்லைப் படுக்க வையுங்கள். விளிம்பின் அடியில் ஒரு சொட்டுக் கோடு வெட்டச் சொன்னால், வழியும் தண்ணீர் கேபினட் கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இன்னொன்று: எந்தக் கல்லானாலும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வரச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் பலகையின் தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுவதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே விதித்துவிட்டது. வீட்டு வாசலில் உலர்ந்தபடி அறுத்தால், அந்தத் தூசியை உங்கள் பிள்ளைகளும் சுவாசிப்பார்கள்.

சுங்கை சிப்புட் மருமகள்:
மிக்க நன்றி அண்ணா. கறுப்பு வைத்தால் குசினியே இருண்டுவிடும் என்கிறார் கணவர். கிரானைட்டில் மஞ்சள் இறங்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

பாகான் செராய் அக்கா:
சுவருக்கு வெள்ளை டைல்ஸ் பதித்து, மேல் கேபினட்டின் அடியில் ஒரு விளக்குப் போட்டால் இருட்டுக்கு இடமில்லை. என் வீட்டில் அப்படித்தான். கறுப்பில் மஞ்சள் கண்ணுக்கே தெரிவதில்லை, தண்ணீர் காய்ந்த வெண்தடம்தான் தெரியும், அதை உலர்ந்த துணியால் துடைத்துவிடுவேன். வெளிர் நிறக் கிரானைட் என்றால் கதை வேறு. கையில் இருக்கும் துண்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த இடம் கருத்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள், சீலர் (கறை இறங்காமல் காக்கும் பூச்சு) பூசாமல் புழங்கக் கூடாது. அதோடு மூன்று துண்டுகளிலும் மஞ்சளை எண்ணெயில் குழைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் உங்கள் கணவரையே துடைக்கச் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் மருமகள்:
தடவி வைத்துவிட்டேன் அக்கா. மாமியார் பார்த்துவிட்டு, வெள்ளைத் துண்டின் மேல் கரைத்த புளியையும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.