சீகாரப் பூங்குருவி ஓடையோரத்தை ஏன் விரும்புகிறது?

கேள்வி: வால்பாறையில், விடியும் முன்பே சீழ்க்கையொலி போலப் பாடத் தொடங்கும் சீகாரப் பூங்குருவியைப் பாறைகள் நிறைந்த ஓடைகளின் அருகிலேயே பெரும்பாலும் காண்கிறேன். இதற்கு உணவுதான் காரணமா?

மறுமொழி 1: பெருமளவு உணவுதான். பூச்சிகள், மண்புழுக்கள், சிறு தவளைகள் ஆகியவற்றோடு நண்டுகளையும் பிடித்து, பாறையில் அடித்து நொறுக்கி உண்ணும் இப்பறவைக்கு, நிழல் படர்ந்த ஈரமான ஓடைக்கரையே மிகச் சிறந்த வேட்டைக்களம். கூட்டையும் நீரோட்டத்தை ஒட்டிய பாறை இடுக்குகளில் கட்டுகிறது.

மறுமொழி 2: பழங்களையும் விட்டுவிடக் கூடாது. காட்டுப் பழங்கள் கிடைத்தால் விரும்பி உண்ணும். நிழல்மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டங்களிலும் உலவும். ஆகவே, தோட்டங்களின் நடுவே ஓடும் ஓடைகளின் கரைமரங்களை வெட்டாமல் காப்பது இப்பறவைக்கு இன்றியமையாதது என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நண்டு வேட்டையை இனிக் கூர்ந்து கவனிப்பேன்.