டாடாமொபைல் 206: பின்னால இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் போட எந்த வண்டியோட செட் பொருந்தும்?

கருங்கல்206:
வண்டி டாடாமொபைல் 206 டீசல். சேஸ் துரு இல்லாம நல்லா இருக்கு. பின்னால கம்பெனி போட்ட பட்டையும் (லீப் ஸ்பிரிங்) ரெண்டு வீலையும் சேர்த்துப் பிடிக்கிற ஹவுசிங் ஆக்சிலும்தான். லோடு ஓட்டம் கிடையாது, எப்பவாவது ரப்பர் ஷீட் 300 கிலோ வரை ஏறும். காலியா போனா பின்பக்கம் குழிக்குக் குழி தூக்கிப் போடுது. ரெண்டு வீலும் தனித்தனியா வேலை செய்ற மாதிரி காயில் ஸ்பிரிங்குக்கு மாத்தணும். வெளிநாட்டு வீடியோவுல ஜாகுவார் செட் போடுறாங்க. நமக்குக் கிடைக்கிறதுல எது சரி? சேஸ்ல எங்க கை வைக்கணும்?

பழையகிரவுன்:
ஜாகுவாரை விட்டுடுங்க அண்ணே. 1961ல ஈ-டைப் காரோட வந்த அந்த அமைப்பு ஒரே கூட்டோட கழன்டு வரும், அதனாலதான் அங்க எல்லாரும் அதைத் தேடுறாங்க. ஆனா பிரேக் டிஸ்க் டிபரன்ஷியலை (பின் வீல் ரெண்டையும் சுத்த வைக்கிற கியர் கூடு) ஒட்டி உள்பக்கம் இருக்கு. சூடு நேரா சீலுக்குப் போய் ஆயில் கசியும், பேடு மாத்துறதே பெரிய வேலை. போதாததுக்கு ஆக்சில் ஷாப்டேதான் மேல் ஆர்ம். அதோட கிராஸ் (ஷாப்டோட மூட்டு) உடைஞ்சா வீலைப் பிடிச்சு வைக்க மேல வேற ஒண்ணும் இல்ல.

இங்க தேட வேண்டியது மெர்சிடிஸ் டபிள்யூ124 அல்லது பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் (ஈ36, ஈ46). டபிள்யூ124ல ஒவ்வொரு வீலையும் பிடிக்க அஞ்சு லிங்க் (கம்பி), நாலு ரப்பர் மவுண்ட்ல நிக்கிற சப்பிரேம் (எல்லாத்தையும் தாங்குற தனிச் சட்டம்), டிஸ்க்குக்கு உள்ளேயே ஹேண்ட்பிரேக் ஷூ. வாங்கும்போது சப்பிரேம், ஹாப் ஷாப்ட் (வீலுக்குப் போற ஷாப்ட்), ஹப் (வீல் மாட்டுற இடம்), காலிப்பர், ஹேண்ட்பிரேக் கேபிள், மவுண்ட் போல்ட், கிரவுன்ல (டிபரன்ஷியல்ல) மாட்டுற பிளேஞ்ச் எல்லாம் ஒரே வண்டியில இருந்து எடுங்க. பிளேஞ்ச் மட்டும் விட்டுப்போனா அதுக்குன்னு தனியா லேத்துல ஏறி இறங்கணும்.

டேப் பிடிக்க வேண்டியது ஹப் முகத்துல இருந்து எதிர் ஹப் முகம் வரை. உங்க பழைய ஆக்சிலோட 20 மில்லி வித்தியாசத்துக்குள்ள வந்தா ரிம் ஆப்செட்லயே (ரிம் உள்ள வெளிய தள்ளி நிக்கிற அளவு) சரிக்கட்டலாம். பி.சி.டி. (வீல் போல்ட் எண்ணிக்கையும் அது உக்காருற வட்டத்தோட மில்லி அளவும்) மெர்சிடிஸ்ல 5×112, அந்த பிஎம்டபிள்யூல 5×120, அதனால பின் ரிம் எப்படியும் மாறும்.

ரொம்பப் பேர் கோட்டை விடுறது ரேஷியோவுல, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்குல. டயர் சுற்றளவு 2.14 மீட்டர்னா 60 கிலோமீட்டர் வேகத்துல வீல் நிமிஷத்துக்கு 467 சுத்து. டைரக்ட் கியர்ல (1:1) 4.1 கிரவுனுக்கு இன்ஜின் 1,916 ஆர்பிஎம். கார்ல இருந்து வர்ற 3.07 போட்டா 1,434 தான். அதுக்கு மேல ஓவர்டிரைவ் கியர் போட்டா இன்ஜின் திணறும், மேட்டுல வண்டி எடுக்க கிளட்சைத் தேய்க்கணும். கிரவுன் பல்லையும் அதைச் சுத்துற சின்ன கியரான பினியன் பல்லையும் எண்ணி வகுத்துப் பாக்காம காசு கொடுக்காதீங்க.

குழித்துறை_பிட்டர்:
சேஸ் பத்திச் சொல்றேன் தம்பி. ஹவுசிங் ஆக்சில்ல முறுக்கு விசையைப் பட்டை வாங்கிக்கிடும், பட்டையோட ரெண்டு நுனி வழியா சேஸ்ல பரவும். நீங்க போடப்போறதுல எல்லாம் சப்பிரேமோட நாலு போல்ட்டுக்குள்ள வந்து விழும். பிஎம்டபிள்யூ ஈ46ல இந்த மவுண்ட் இருக்கிற தரைத்தகடு கிழியுறது ஊரறிஞ்ச விஷயம். சேஸோட சி-சேனலுக்கு (ஒரு பக்கம் திறந்த இரும்புச் சட்டம்) அப்படியே போல்ட் போட்டா உங்களுக்கும் அதே கதிதான்.

அதனால மவுண்ட் வர்ற இடத்துக்கு முன்னும் பின்னும் 300 மில்லி தாண்டி, 4 மில்லி தகடு வச்சு சேனலைப் பெட்டியா மூடுங்க. தகட்டு நுனியை நேரா வெட்டாம மீன்வாய் மாதிரி வெட்டணும், நேர்வெட்டா இருந்தா வெல்டு முடியுற கோட்டுலயே விரிசல் விழும். வெல்டை ஒரே மூச்சுல ஓட்டாம 40 மில்லி அடிச்சு, எதிர்ப்பக்கம் போய், மாத்தி மாத்தி அடிங்க. போல்ட் போற ஓட்டைக்குள்ள ஸ்டீல் குழாய் வச்சு ரெண்டு முகத்துலயும் வெல்டு பண்ணலன்னா, டைட் வைக்கும்போது பெட்டி நசுங்கும், அப்புறம் டைட் நிக்காது. சேனலோட மேல் கீழ் மடிப்புல (பிளேஞ்ச்) ஓட்டை போடவே கூடாது. சப்பிரேமோட ரப்பரைத் தூக்கிட்டு நேரா பிடிச்சா கிரவுன் சத்தம் முழுக்க கேபினுக்குள்ள வரும்.

வெட்டு எங்கன்னா, ஹாப் ஷாப்ட் மேல வர்ற இடம் மட்டும்தான். ஸ்பிரிங் போடாம ஜாக்கியில வீலை முழுசா ஏத்தி இறக்கிப் பாருங்க. ஷாப்டுக்கும் சேஸுக்கும் 25 மில்லி இடைவெளி வேணும், சிவி ஜாயிண்ட் (ஷாப்ட் மடங்குற மூட்டு) ரெண்டு நுனியிலயும் 5 மில்லியாவது உள்ள போற இடம் மிச்சம் இருக்கணும். வெட்டின இடத்துக்கு மேல அதே கனத்துல வளைவுப் பட்டை வச்சு மூடணும்.

கிரவுன் இனி ஆடாது, அதனால பினியன் கோணத்தை ஒரு தடவை சரியா வச்சா போதும். கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழ பாத்தா பினியன் 3 டிகிரி மேல பாக்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா. அரை டிகிரிக்கு மேல விலகினா ஓட்டத்துல அதிர்வு வரும்.

பெட்டியா மூடின சேஸுக்கு அடியில 10 மில்லி வடிகால் ஓட்டை விடுங்க, உள்ள மெழுகு அடிங்க. கொளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காத்துக்கு மூடின பெட்டி உள்ளுக்குள்ளேயே அரிச்சுடும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

தக்கலை_டீசல்:
இவ்வளவும் வேணுமா மக்கா? பழைய டாடா சபாரியோட பைவ்-லிங்க் ஆக்சில் காயில் ஸ்பிரிங்லதான் நிக்குது. ஹவுசிங் ஒண்ணுதான், ஆனா காலி வண்டி குதிக்கிறதுக்குக் காரணம் ஹவுசிங் இல்ல, லோடுக்குன்னு போட்ட கெட்டிப் பட்டை. அகலமும் ரேஷியோவும் அளந்து சரியா வந்தா வேலை பாதிதான்.

கருங்கல்206:
அண்ணே, சபாரி யோசனையும் கொள்ளாம். ஆனா தனித்தனி வீல்தான் வேணும்னு நிக்கிறேன். 300 கிலோவுக்கு எந்த ஸ்பிரிங்? பிரேக்குல ஏதாவது மாத்தணுமா?

பழையகிரவுன்:
ஒரு வீலுக்கு 150 கிலோ கூடுது, அதாவது 1,470 நியூட்டன். வீல்ல 30 நியூட்டன்/மில்லி கிடைச்சா 49 மில்லி தாழும், அது பரவாயில்ல. அதே ஸ்பிரிங்ல 800 கிலோ ஏத்தினா 131 மில்லி தாழ்ந்து பம்ப் ஸ்டாப்புல (கடைசியா முட்டுற ரப்பர்) உக்காந்துடும், வீல் உள்பக்கம் சாய்ஞ்சு டயரோட உள்விளிம்பு தேயும். அப்புறம் பிக்கப்னு பேருக்குத்தான் சொல்லிக்கணும். ஸ்பிரிங் ஆர்மோட நடுவுல உக்காருறதால கணக்கு அப்படியே வராது. உள் பிவட்டுல (ஆர்ம் சப்பிரேமோட சேர்ற மூட்டு) இருந்து ஸ்பிரிங் வரை உள்ள தூரத்தை வீல் வரை உள்ள தூரத்தால வகுத்து வர்க்கம் எடுங்க. 0.7 வந்தா 0.49. 30ஐ 0.49ஆல வகுத்தா ஸ்பிரிங் 61 நியூட்டன்/மில்லி.

பிரேக்குல ரெண்டு விஷயம். டிரம்முக்குன்னு லைன்ல அழுத்தம் பிடிச்சு வைக்கிற வால்வு இருந்தா எடுத்துடுங்க, இல்லன்னா டிஸ்க் உரசிக்கிட்டே ஓடும். லோடு பாத்து பின் பிரேக்கைக் குறைக்கிற வால்வு இருந்தா அதோட கம்பி பழைய ஹவுசிங்லதான் மாட்டியிருக்கும். ஹவுசிங் போனதும் அந்தக் கம்பியைச் சும்மா கட்டி வைக்காதீங்க, மழை ரோட்டுல பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்தும். கீழ் ஆர்ம்ல மாட்டி செட் பண்ணணும், இல்லன்னா கையால திருகுற வால்வு போடணும்.

குழித்துறை_பிட்டர்:
கடைசியா அலைன்மென்ட். முன் வீலை மட்டும் பாக்குற கடையில விடாதீங்க, நாலு வீலும் பாக்குற மெஷின் வேணும். பின்னால மொத்த டோ-இன் (வீலோட முன்பக்கம் உள்ள திரும்புற அளவு) 2 மில்லி, கேம்பர் (வீலோட மேல்பக்கச் சாய்வு, மைனஸ்னா உள்பக்கம்) மைனஸ் அரையில இருந்து ஒரு டிகிரிக்குள்ள. 500 கிலோமீட்டர் ஓடினதும் சப்பிரேம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி பாருங்க.

கேஸ் கட்டர் எடுக்கிறதுக்கு முன்னால நாகர்கோவில் டிஎன் 74ஓ மார்த்தாண்டம் டிஎன் 75ஓ, உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல இன்ஸ்பெக்டரைப் பாத்துடுங்க தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சி விவரம் கம்பெனி கொடுத்ததுக்கு மாறக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திருக்கு. உங்க வண்டி சரக்கு வண்டியா பதிவானதுன்னா பின் ஆக்சில் எடையும் ஆர்சியில இருக்கும், வருஷா வருஷம் எப்சிக்கு (தகுதிச் சான்று) நிக்கும்போது அடியில குனிஞ்சுதான் பாப்பாங்க. பழைய ஹவுசிங்கையும் பட்டையையும் விக்காம வச்சுக்கிடுங்க.